மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள்

(ரெம்பாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு வழக்கறிஞன். இப்படிப்பட்ட கூட்டங்களில் நிலம், வீடு, சம்பளப் பாக்கி, அடையாள அட்டை என்றுதான் பேசுவது வழக்கம். இன்றைக்கு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சட்டம் படித்தவனுக்கு மாத்திரையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியது. மரங்கள் போயின, வீடும் போனது. பிறகு செம்போங்கில் ஒரு மலிவு விலை வீட்டில் குடியிருந்தார். அவருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தன. தனியார் கிளினிக் ஒன்றில் மாதா மாதம் மருந்து வாங்கி வந்தார். முதலில் மாதம் 110 வெள்ளி. சில ஆண்டுகளில் அது 180 வெள்ளியாகிவிட்டது. நான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். மருந்து சாப்பிடுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போயின. முப்பத்தொரு ஆண்டுகள் உளி பிடித்த கை அது. மருத்துவமனையில் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து அலமாரியில் இருந்த மைலோ டின்னைத் திறந்தேன். உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள் இருந்தன. ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டியிருக்கிறார். சில வாரங்கள் சர்க்கரை மாத்திரையே எடுக்கவில்லை.

பேச்சு ஓரளவு திரும்பியதும், "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "நீ அனுப்புற காசு மருந்துக்கே போயிட்டா, தங்கச்சி புள்ளைக்கு ஸ்கூல் பஸ் காசு யாரு குடுப்பா?" என்றார்.

தொழிலாளர் சட்டத்தை வரிக்கு வரி படித்தவன் நான். ஆனால் என் அம்மாவின் மைலோ டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வோடுதான் இங்கே நிற்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கலாம். அதனால்தான் இந்தப் பேச்சு.

நம் பெற்றோர் தோட்டத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் டிரெஸ்ஸர் இருந்தார். அவர் கொடுத்த சிவப்புத் தண்ணி மருந்தை நாம் எல்லாரும் குடித்திருக்கிறோம். தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று சட்டமே இருந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதி, அடிப்படை வசதிச் சட்டத்தில் தொழிலாளர் நலம், மருத்துவமனை ஆகியவற்றுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அந்த வசதி போதுமானதாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வேலையோடு கட்டப்பட்ட வசதி. வேலை முடிந்த நாளில் வீட்டுச் சாவியோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

உடம்புக்கு மருந்து அதிகம் தேவைப்படும் வயதும் அதுதான். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் வயது வந்த மூவரில் ஏறக்குறைய ஒருவர். மற்ற இனத்தவர்களைவிட நாம்தான் அதிகம். இந்த நோய்க்கு ஒரு வாரம் மருந்து சாப்பிட்டு நிறுத்த முடியாது. உயிர் உள்ளவரை மாத்திரை வேண்டும்.

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாதாந்திர ஓய்வூதியம் உண்டு. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. அரசு டாக்டர் எழுதிய மருந்து அந்த மருத்துவமனையில் கிடைக்காவிட்டால், அதை வெளியில் வாங்கும் செலவை அரசாங்கமே ஏற்பதற்குப் பாரமும் நடைமுறையும் உண்டு. அது அவர் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை. அதில் நமக்குக் குறையில்லை.

ஆனால் இந்த நாட்டின் ஏற்றுமதிப் பொருளாதாரத்தைத் தோளில் சுமந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 55 வயதில் சேமநிதிப் பணம் வந்தது. அது மகள் கல்யாணத்துக்கும் வீட்டு முன்பணத்துக்கும் போனது. ஓய்வூதியம் இல்லை. மருந்துக்கு மனுப் போட ஒரு பாரமும் இல்லை. ரெம்பாவ் மண்ணில் அடாட் பெர்பாத்தே வழக்கம் இருக்கிறது. பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் மண் இது. இதே மண்ணில் இருட்டில் எழுந்து வெட்டுக்காட்டுக்குப் போன நம் தாய்மார்களுக்கு, மகளுக்குக் கொடுக்க ஒரு பிடி மண்கூட மிஞ்சவில்லை. சர்க்கரை நோய்தான் மிஞ்சியது.

இதை நான் உங்களை அழ வைப்பதற்காகச் சொல்லவில்லை. மருந்து கேட்டுப் போகும்போது நம்மவர்கள் கையேந்துகிறவர்களைப் போல நிற்கிறார்கள். அதை மாற்றத்தான் சொல்கிறேன். நம் நாட்டில் எல்லாருக்குமான பொது மருத்துவக் காப்புறுதித் திட்டம் கிடையாது. வரிப்பணத்தில் நடக்கும் அரசு கிளினிக்தான் ஏழைக்குக் காப்புறுதி. அதற்கான பிரீமியத்தை நீங்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைப்பால் கட்டி முடித்துவிட்டீர்கள். ஆகவே அந்தக் கவுண்டருக்கு உரிமையோடு போங்கள்.

சொக்சோ இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சொக்சோ வேலைக் காலத்துக்கான காப்புறுதி. வேலையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை அது ஏற்கும். 60 வயதுக்கு முன்பே நோயால் இனி வேலை செய்ய முடியாது என்ற நிலை வந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படுவோருக்கும் அதன் வழியாக உதவி உண்டு. 58 வயதில் கால் எடுக்கப்பட்ட ஒருவர் 60 முடிந்த பிறகு என்னிடம் வருகிறார். எனக்குக் கை கட்டிப் போடப்பட்டதுபோல ஆகிவிடுகிறது. இன்னும் 60 ஆகாதவர்கள் நோய் வந்த உடனேயே சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் ஓய்வுக்குப் பிறகு வரும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சொக்சோ மாத்திரை தராது.

பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மெடிக்கல் கார்டு? அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால் கட்டுவதற்கு. மாதா மாதம் சாப்பிடும் மாத்திரைக்கு அது உதவுவது அரிது. அந்தக் கார்டுகளின் பிரீமியமும் கடுமையாக ஏறியது. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கும்படி காப்புறுதி நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

ஆகவே சுற்றிச் சுற்றி அரசு கிளினிக்கிடமே வருகிறோம். நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணத்துவ மருத்துவரிடம் 5 வெள்ளி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக் கட்டணமும் இல்லை. மருந்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. அப்படியானால் என் அம்மா ஏன் 180 வெள்ளி கொடுத்துத் தனியாரிடம் போனார்?

நான் அம்மாவிடமே கேட்டேன். கிளினிக்குக்குப் போய் வர வாடகைக் காருக்கு 30 வெள்ளி. காலையில் போனால் மதியம் தாண்டிவிடும். அங்கே ஒருமுறை யாரோ அதட்டிப் பேசிவிட்டார்கள், மனம் நொந்துவிட்டது. இன்னொரு முறை ஒரு மருந்து ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். இன்னொரு 30 வெள்ளி. மருந்து இலவசம்தான். அதை எடுக்கப் போகும் பாதைக்குத்தான் விலை. நம் மக்களை அரசு கிளினிக்கிலிருந்து தனியாரிடம் தள்ளுவது இந்தப் பாதைதான்.

இனி, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். வீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.

முதலாவது. இன்றிரவே வீட்டுப் பெரியவர்களின் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். அரசு கிளினிக் மருந்து, தனியார் மருந்து, மருந்துக்கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். அந்தப் பையை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு இடத்திலிருந்து வந்திருப்பதை நான் பல பைகளில் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து ஒன்றையே இரண்டு முறை வாங்கியிருப்பார்கள். ஆபத்தும் அதில் உண்டு.

இரண்டாவது. மாத்திரையை நீங்களாக உடைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகள் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். காசு இல்லாததால் குறைத்தேன் என்றால் அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இதில் வெட்கமில்லை. நீங்கள் சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டி எழுதுவார். அது இன்னும் கெடுதல்.

மூன்றாவது. பாதையைக் குறைக்க வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் 'எஸ்பியுபி' என்ற ஏற்பாடு உண்டு. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் நிபுணர் எழுதிக் கொடுத்த மருந்தின் அடுத்தடுத்த மாதப் பங்கை உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள அரசு கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம். தபாலில் மருந்து அனுப்பும் 'உபாட் மெலாலுய் போஸ்' சேவையும் பல இடங்களில் உண்டு. தபால் கட்டணம் மட்டும் நாம் கட்ட வேண்டும். எப்போது வருகிறோம் என்று முன்பே சொல்லி வைத்து எடுத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. மருந்துக் கவுண்டரில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

நான்காவது. ஸ்டாக் இல்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். இப்படித் தட்டுப்பாடு வருவது உண்மைதான். 2022இல் நாடு முழுவதும் காய்ச்சல், இருமல் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. ஆனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இருக்கும் அளவில் சில நாட்களுக்காவது தர முடியுமா? இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து உங்கள் பட்டியலில் இருக்கிறதா? பக்கத்தில் எந்த அரசு கிளினிக்கில் கிடைக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே தனியார் கடையை நினையுங்கள். போனாலும் மருந்துச் சீட்டோடு போங்கள். ஒரு மாதத்துக்கு வாங்காமல், அரசு கிளினிக்கில் ஸ்டாக் வரும் வரைக்கும் மட்டும் வாங்குங்கள்.

ஐந்தாவது. தனியாரிடம் விலை கேட்பது உங்கள் உரிமை. 2025 மே 1ஆம் தேதி முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அரசாணை நடப்புக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஆணை அது. அதை எதிர்த்துத் தனியார் டாக்டர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம்கூடப் போனார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கலாம், அவர்களுடைய ஆலோசனைக் கட்டணம் பல ஆண்டுகள் உயராமல் இருந்தது. ஆனால் நோயாளிக்கு விலை தெரிய வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. விலையைப் பாருங்கள். கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்தை வெளியில் வாங்க விரும்பினால் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடையில் மலாயில் ஒரு வரி கேட்டால் போதும்: "உபாட் இனி அடா ஜெனெரிக் யாங் லெபே முரா?" அதாவது இந்த மருந்திலேயே இதைவிட மலிவானது இருக்கிறதா? பெயர் பெற்ற கம்பெனியின் மாத்திரையும், காப்புரிமை முடிந்த பிறகு மற்றக் கம்பெனிகள் செய்யும் மாத்திரையும் ஒரே மருந்துதான். நோர்வாஸ்க் என்பதும் அம்லோடிபின்தான். குளுகோபாஜ் என்பதும் மெட்போர்மின்தான். அட்டையின் மேல் இருக்கும் பளபளப்புக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. அரசு கிளினிக்கில் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ஜெனெரிக் மருந்துகள்தான். "கவர்மெண்ட் மருந்து கேக்காது" என்று நம்மவர்கள் சொல்வது தவறு. பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த எண் இல்லாத பொடி, மூட்டு வலி உருண்டை, சர்க்கரையை ஒரே மாதத்தில் விரட்டும் தைலம், இவற்றை வாங்காதீர்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கப்பட்ட பொருட்களைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. சாப்பிட்டவுடன் வலி பறந்துவிடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், கடைசியில் சிறுநீரகம் போகும். மலிவு என்று வாங்கி டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

ஆறாவது. உதவித் திட்டங்களைப் பயன்படுத்துங்கள். அரசு உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களின் துணைவர்களுக்கும் 'பெக்கா பி40' என்ற திட்டம் 2019இல் தொடங்கியது. இலவசப் பரிசோதனை செய்கிறார்கள். இருதயத்துக்கோ மூட்டுக்கோ சாதனம் வைக்க வேண்டுமானால் 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. சாதனம் பெறுபவர்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்காத மருந்தையோ கருவியையோ டாக்டர் எழுதிக் கொடுத்து, காசு கட்ட முடியவில்லை என்றால், சுகாதார அமைச்சின் கீழ் 'தாபோங் பந்துவான் பெருபாத்தான்' என்ற நிதி இருக்கிறது. மருத்துவமனையில் உள்ள சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் வழியாகத்தான் மனுப் போகும். வருமானம் இல்லாத, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமூக நல இலாகா மாத உதவி தருகிறது. 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அது 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இவ்வளவும் நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு. இனிச் சொல்லப்போவது என்னைத் தூங்கவிடாத விஷயம்.

தோட்டத்தில் பிறந்தும் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப்படாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது கிழவர், கிழவிகள். அவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போனால் அந்நியர் கட்டணம். 1 வெள்ளிக்குப் பதில் 40 வெள்ளி, 5 வெள்ளிக்குப் பதில் 120 வெள்ளி, மருந்துக்கும் சோதனைக்கும் தனியாக. வேறு நாட்டை ஒருநாளும் பார்க்காத, மலேசிய ரப்பர் மரத்தைத் தவிர வேறு எதையும் தொடாத ஒரு பாட்டி, கவுண்டரில் அந்நியராகிவிடுகிறார். அவர் என்ன செய்வார்? மருத்துவமனைக்கே போகமாட்டார்.

சிவப்பு அட்டையோடு காத்துக் கிடந்தவர்களின் கதையும் உங்களுக்குத் தெரியும். 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அரசாங்கம் 2018இல் அறிவித்தது. ஒரு கையெழுத்தால் செய்யக்கூடிய காரியம் என்று அந்த அறிவிப்பே காட்டுகிறது. அப்படியானால் அத்தனை ஆண்டுகள் அவர்களை ஏன் காக்க வைத்தார்கள்?

உங்கள் வரிசையில் அப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே தேட ஆரம்பியுங்கள். பழைய செக்ரோல் நகல், தோட்டச் சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, சேமநிதிக் கணக்கு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பிறந்ததைப் பார்த்த மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். தோட்டம் மூடப்பட்டால் காகிதம் குப்பைக்குப் போகும். சாட்சிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, மருந்து விலை வானத்திலிருந்து விழுவதில்லை. அதை மனிதர்கள் வைக்கிறார்கள், மனிதர்களால் இறக்கவும் முடியும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, பொது நலனுக்காகக் காப்புரிமை உள்ள மருந்தின் மலிவான வடிவத்தை அரசாங்கம் பயன்படுத்த இடம் தருகிறது. 2003இல் எச்ஐவி மருந்துகளுக்கு அதைப் பயன்படுத்தி இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து மலிவாக இறக்குமதி செய்தார்கள். 2017இல் ஹெப்பாடிட்டிஸ் சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்துக்கும் அதையே செய்தார்கள். பல்லாயிரம் வெள்ளி விலை சொல்லப்பட்ட சிகிச்சை, 2018இல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தது. நோயாளிகளும் பொது அமைப்புகளும் விடாமல் குரல் கொடுத்தார்கள், அரசாங்கம் பேனாவை எடுத்தது.

2019 மே மாதம் மருந்துகளுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயிக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆறு ஆண்டு கழித்து வந்தது விலையைக் காட்டும் ஆணை. விலையைக் காட்டுவது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. எட்டாத விலையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலும் அது எட்டாத விலைதான்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்வு பெற்ற ஏழைக்கும், அரசு கிளினிக்கில் கிடைக்காத மருந்தின் செலவை அரசாங்க ஓய்வூதியருக்கு ஏற்பதுபோல ஏற்க வேண்டும். தோட்டங்களிலிருந்தும் மலிவு வீட்டுப் பகுதிகளிலிருந்தும் கிளினிக்குக்குப் போய்வர வாகன வசதி வேண்டும், அல்லது மருந்து வீடு தேடி வர வேண்டும். இங்கே பிறந்து இங்கேயே முதுமையடைந்தவர்களிடம் அந்நியர் கட்டணம் வாங்குவதை நிறுத்த வேண்டும். இது இந்தியருக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. கம்போங்கில் ரப்பர் வெட்டிய மலாய்க்காரப் பாட்டிக்கும், புதுக்கிராமத்துச் சீனத் தாத்தாவுக்கும், ஓராங் அஸ்லி மக்களுக்கும் இதே மாத்திரைதான், இதே பாதைதான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பையன் அல்லது பெண் முன்வாருங்கள். மோட்டார் சைக்கிள் இருந்தால் போதும். உங்கள் வரிசையில் உள்ள பெரியவர்களின் மருந்து எடுக்கும் தேதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அவர்களின் கிளினிக் புத்தகத்தையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு மருந்தை எடுத்து வந்து கொடுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாள் என்றால் நாலு பேராகச் சேர்ந்து ஒரே காரில் போங்கள். ஆளுக்கு 30 வெள்ளி 8 வெள்ளியாகக் குறையும். மலாய் சரளமாகப் பேசும் ஒருவர் உடன் இருந்தால் யாரும் அதட்டமாட்டார்கள். அப்படியும் அதட்டினால், மருந்து மறுத்தால், தேதி, நேரம், கவுண்டர் எண் எழுதி வையுங்கள். சுகாதார அமைச்சின் புகார் முறையில் எழுத்து மூலமாகக் கொடுப்போம். வாய்ச்சொல் காற்றில் போகும். எழுதிய புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் அம்மா அதன்பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளும் அரசு கிளினிக் மருந்துதான். என் தங்கை போய் எடுத்து வருவாள். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. ஆனால் வலது கை திரும்ப வரவில்லை. இடது கையால் பேரப்பிள்ளைக்குத் தலைவாரக் கற்றுக்கொண்டார். அந்த மாத்திரைகளை முன்பே ஒழுங்காக எடுத்திருந்தால் அந்த வலது கை தப்பியிருக்குமோ என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து அந்த டின்னைப் பாருங்கள். உள்ளே பாதி மாத்திரை இருந்தால் பெரியவர்களைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எதனால் என்று கேளுங்கள். பிறகு அடுத்த கிளினிக் நாளில் அவர்களோடு போங்கள்.